பாலத்தில் ஓர் இடம்

நான்கு நாட்களாக வங்கக்கடலில்
பெயருக்குக் காத்திருந்தது தாழ்வு மண்டலம்.
எங்கள் தெருவில் அதற்குள்
ஒவ்வொரு காராகக் காணாமல் போயிற்று.
"விஜயநகர் மேம்பாலம் ரொம்பிடுச்சாம்" என்றாள்
மூன்றாவது மாடி சகாயமேரி,
கல்யாணத்தில் முதல் பந்தியைச் சொல்வதுபோல.

என்னுடையது சிவப்பு. சின்னது.
டிக்கியில் ஓர் அரிசி மூட்டை வைத்தால்
குடைக்கு இடமிருக்காது.
"இந்த விலைக்குப் பெரிய வண்டியே வருமே, மேடம்"
என்றார் வங்கிக் கடன் அதிகாரி,
பேனாவை மூடாமல்.

முதல் கை ஒரு கோயம்புத்தூர்ப் பையன்.
கனடா போகும் முன் சாவியைக் கொடுத்தவன்
பானெட்டை ஒருமுறை தடவினான்.
"காலையில ஸ்டார்ட் பண்ணினா
ஒரு நிமிஷம் சும்மா விடுங்கக்கா."
அவ்வளவுதான்.
திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ ஏறினான்.

டர்போ என்றால் என்னவென்று
இளம்பரிதிக்கு விளக்கப் பார்த்தேன்.
வெளியேறும் புகை போகிறபோக்கில்
ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும்,
அந்தச் சுழற்சி
காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும்,
அப்புறம்...
"பெருமூச்சுல ஓடுதுன்னு சொல்லு"
என்றார் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.
பத்தொன்பது வருடத்தில்
அவர் சொன்னதிலேயே சரியானது அது.

மிதித்தவுடன் வராது.
அரை நொடி, ஒன்றுமே நடக்காது.
பிறகு தொண்டைக்குள் ஒரு விசில்,
இருக்கை எழுந்து முதுகைத் தாங்கிக்கொள்ளும்.
எனக்கென்னவோ அந்த அரை நொடிக்குத்தான்
ஐந்து வருடத் தவணை என்று தோன்றும்.

ஆனால் எங்கே மிதிப்பது?
வேளச்சேரியில் மூன்றாவது கியர் ஒரு வதந்தி.
ஷேர் ஆட்டோ இடதுபக்கம் உரசி முந்துகிறது.
வாலில் சொட்டிக்கொண்டே தண்ணீர் லாரி
என்னை ஓரங்கட்டுகிறது.
வேகத்தடை அடிவயிற்றைக் கீறும் போதெல்லாம்
"அம்மா" என்பது நான்தான்.
சிக்னலில் ஒரு புல்லட்காரர்
கண்ணாடியை இறக்கச் சொல்லி
"எவ்ளோ போவும்?" என்றார்.
வேகமா, மைலேஜா?
கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்:
"ரோட்டப் பொறுத்து."

அன்று ரத்த வங்கியில் பணி முடிந்து
இறங்கும்போது இரவு ஒன்று நாற்பது.
மழை மூச்சுவாங்க நின்றிருந்தது.
"வீட்டுக்கு எடுத்துட்டு வராத,
கேட் வரைக்கும் தண்ணி" என்றது போன்.

தரமணி லிங்க் ரோடு.
ஒரு மாடுகூட இல்லை.
சிக்னல்கள் மஞ்சளில் கண்சிமிட்டின, யாருக்கோ.
பதினான்கு மாதங்களில் முதல்முறையாக
சாலை முழுதாக இருந்தது,
இலையில் யாரும் கைவைக்காத சோறு மாதிரி.
இரண்டாம் கியர்.
அரை நொடி.
விசில்.
மூன்று.
என் வாயிலிருந்து வந்த சத்தம்
சிரிப்பா என்று இன்றும் தெரியாது.
பாலத்தின் ஏற்றம்
ஏற்றமாகவே இல்லை.

உச்சியில் பிரேக்.
இரு பக்கமும் வண்டிகள் மூக்கோடு மூக்காக,
வைப்பர்களைத் தூக்கி நிறுத்தி,
உறங்காத மந்தை.
பால் வேனுக்கும் உறைபோட்ட ஒரு பெரிய வண்டிக்கும் நடுவே
எவருக்கும் ஆகாத ஓர் இடம் மிஞ்சியிருந்தது.
மூன்று முறை முன்னும் பின்னும் போய்
நுழைத்தேன். கடன் அதிகாரியை நினைத்துக்கொண்டேன்.

அணைத்த பிறகும் எஞ்சின்
டிக் டிக் என்று எதையோ எண்ணியது.
முதல் துளிகள் பானெட்டில் விழுந்து
விழுந்த சுவடு தெரியாமல் போயின.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கணுக்கால், பிறகு முழங்கால்.
கடைசி முந்நூறு மீட்டருக்கு
அரைமணி நேரம் ஆயிற்று.

கதவைத் திறந்த இளம்பரிதி
துண்டை நீட்டினார்.
"எங்க விட்ட?"

"மேல."